மூன்று மாஸ்ஃபெட்டும் ஒரு தீப்பெட்டியும்

என் பட்டறை மேசை டிராயரில் ஒரு தீப்பெட்டி இருக்கிறது. உள்ளே குச்சிகள் கிடையாது. செத்துப்போன மூன்று மாஸ்ஃபெட்டுகள், அதாவது ஒரு வகை டிரான்சிஸ்டர்கள், இருக்கின்றன. பெட்டியின் முதுகில் பேனாவால் எழுதி வைத்திருக்கிறேன்: ‘பிரீசெட் தரைக்கால். டிரை சால்டர்.’ மூன்றும் ஒரே ராத்திரியில் செத்தவை. மூன்றையும் கொன்றது ஒரே காரணம்.

கோவில்பட்டியில் 27 வருடமாக டி.வி. மெக்கானிக்காக இருக்கிறேன். அதோடு, அரசு உரிமம் பெற்ற ஹாம். வியாபாரத்துக்காக இல்லாமல், கற்றுக்கொள்வதற்கும் பரிசோதனை செய்வதற்கும் நண்பர்களோடு பேசுவதற்கும் சொந்த வானொலி நிலையம் நடத்துகிறவர்களை உலகம் முழுக்க ஹாம் என்றுதான் சொல்வார்கள். இந்தியாவில் மத்திய தொலைத்தொடர்புத் துறை நடத்தும் தேர்வில் தேறினால் உரிமமும் அழைப்புக் குறியீடும் கிடைக்கும். செல்போன் கையில் இருக்கும்போது இது எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் உதாரணம் ஒன்றுதான். 2004 டிசம்பரில் பாரதி பிரசாத் தலைமையில் ஹாம்கள் சிலர் அந்தமானுக்குப் போய் போர்ட் பிளேரில் நிலையம் அமைத்திருந்தார்கள். 26-ஆம் தேதி சுனாமி அடித்து, தொலைபேசிகள் செத்துக் கிடந்தபோது, தீவுகளின் செய்தி அவர்களுடைய ரேடியோ வழியாகக் கரைக்கு வந்தது.

கடையில் வாங்கிய கருவியில் பேசலாம். சொந்தமாகச் செய்த கருவியில் பேசுவதில் இருக்கும் நிறைவு வேறு. ஹைதராபாத்தைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த பிட்எக்ஸ் என்ற கருவி இந்திய ஹாம்கள் பலரை சால்டரிங் அயர்னைக் கையில் எடுக்க வைத்தது. கிடைக்காத பாகம் எதையும் அவர் கேட்கவில்லை. சாதாரண டிரான்சிஸ்டர்கள், டி.வி. ஆன்டெனாவில் வரும் பாலன் கோர், கடைசி நிலையில் ஐ.ஆர்.எஃப். 510 என்ற மலிவான மாஸ்ஃபெட். நான் அதன் வழியில் 40 மீட்டர் அலைவரிசைக்கு, அதாவது 7 மெகாஹெர்ட்ஸுக்கு, ஒன்று செய்தேன்.

மைக்கில் பேசும் குரல் பல நிலைகளைக் கடந்து 7 மெகாஹெர்ட்ஸ் அலையாக மாறும்போது மிகவும் பலவீனமாக இருக்கும். அதை ஆன்டெனாவுக்கு அனுப்பும் அளவுக்குப் பெரிதாக்குவது பவர் ஆம்ப்ளிஃபயர். என்னுடையது 6 வாட் தர வேண்டும். வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பைவிடக் குறைவுதான். அந்த 6 வாட்டில் பகல் வேளையில் பெங்களூருக்கும் ஹைதராபாத்துக்கும் பேசலாம். கருவியின் மற்ற நிலைகளில் மில்லி ஆம்பியர் ஓடும். இங்கே கிட்டத்தட்ட ஒரு ஆம்பியர் ஓடும். தவறு நடந்தால் முதலில் எரிவது இதுதான்.

முதல் மாஸ்ஃபெட் பத்து நிமிடம் வேலை செய்து, பிறகு புகைந்தது. பாகம் மட்டம் என்று நினைத்து அடுத்ததை மாட்டினேன். அது ஐந்து நிமிடம்கூடத் தாங்கவில்லை. மூன்றாவதும் போனபின் மணி பதினொன்று. நாலாவதைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் ஊர் மூத்த ஹாம் ஒருவருக்குப் போன் செய்தேன். ரயில்வே சிக்னல் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் எல்லோருக்கும் அவர் அண்ணாச்சி.

“அண்ணாச்சி, இன்னொண்ணு மாட்டிப் பாக்கட்டுமா?”

“தம்பி, பழசு ஏன் செத்துச்சுன்னு மொதல்ல சொல்லுங்க. அது தெரியாம புதுச மாட்டுனா அதுவும் அதே வழியிலதான் போவும். அயர்ன அணைச்சிட்டுத் தூங்குங்க. காலைல வாரேன்.”

காலையில் வந்தவர் கையில் ஒரு கார் இண்டிகேட்டர் பல்பு இருந்தது. 12 வோல்ட், 21 வாட். பவர் சப்ளைக்கும் ஆம்ப்ளிஃபயருக்கும் நடுவே அதைத் தொடராக இணைத்தார். பல்பின் இழை குளிர்ந்திருக்கும்போது மின்தடை குறைவு. கொஞ்சம் கரண்ட் போனால் தடை தெரியாது. அதிகக் கரண்ட் இழுத்தால் இழை சூடாகி, தடை ஏறி, வோல்டேஜைப் பல்பு தன் மேல் வாங்கிக்கொள்ளும். மாஸ்ஃபெட் பிழைக்கும், பல்பு எரிந்து காட்டிக் கொடுக்கும். இத்தனை வருடம் டி.வி. பவர் சப்ளைகளுக்கு சீரிஸ் பல்பு போட்டவன் நான். அதையே இங்கே செய்யலாம் என்று அதுவரை தோன்றவில்லை.

ஆன்டெனாவைக் கழற்றிவிட்டு டம்மி லோடை மாட்டினோம். அது ஆன்டெனாவுக்குப் பதிலாக அலையை வாங்கி வெப்பமாக மாற்றும் 50 ஓம் தடை. 1 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர்கள் இருபதைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 50 ஓம், 40 வாட் வரும். கம்பி சுற்றிய ரெசிஸ்டர் ஆகாது. உள்ளே சுருள் இருப்பதால் உயர் அதிர்வெண்ணில் அது காயிலாக நடந்துகொள்ளும். லோடின் மேல் ஒரு டயோடும் கண்டென்சரும் வைத்தால் மல்டிமீட்டரே வாட் மீட்டராகிவிடும். காட்டும் வோல்ட்டை அதே எண்ணால் பெருக்கி நூறால் வகுக்க வேண்டும். 24 வோல்ட் என்றால் ஏறத்தாழ 5.8 வாட்.

செத்த மூன்றாவது இன்னும் போர்டில்தான் இருந்தது. பேசும்போது அழுத்தும் பி.டி.டி. பொத்தானை, பேசாமல் அழுத்த மட்டும் செய்தேன். பல்பு பளீரென்று எரிந்தது. கரண்ட்டைச் சரிசெய்யும் திருகான பிரீசெட்டைக் கடைசி வரை குறைத்தும் அடங்கவில்லை. அதனால் பிரீசெட்டின் வழியைத் தேடிப் பார்த்தோம்.

மாஸ்ஃபெட்டின் கேட் காலுக்கு 3, 4 வோல்ட் கொடுத்தால்தான் அது கண் விழிக்கும். பயாஸ் என்ற அந்த வோல்ட்டை 5 வோல்ட் ரெகுலேட்டரிலிருந்து பிரீசெட் வழியாகக் கொஞ்சமாகக் கொடுக்கிறோம். பிரீசெட்டின் ஒரு முனை 5 வோல்ட்டில், மறுமுனை தரையில், நடுக்கால் கேட்டுக்கு. தரைமுனையில் டிரை சால்டர். வெளியில் பார்க்கப் பளபளவென்று இருந்த ஈயத்துக்கும் காலுக்கும் நடுவே பிடிப்பே இல்லை. சூடேறியதும் அது விட்டுவிடும். தரை இல்லாத பிரீசெட் முழு 5 வோல்ட்டையும் கேட்டுக்கு அனுப்பிவிடும். மாஸ்ஃபெட் வாயைத் திறந்து கரண்ட்டைக் குடித்துச் செத்திருக்கிறது. அந்தக் காலைச் சுரண்டிப் புதிதாக சால்டர் வைத்தேன். அத்தோடு, பிரீசெட்டே விட்டுப்போனாலும் கேட் அந்தரத்தில் நிற்காதபடி, கேட்டிலிருந்து தரைக்கு ஒரு ரெசிஸ்டரும் போட்டோம். நாலாவது மாஸ்ஃபெட்டை மாட்டினேன். பல்பு எரியவில்லை.

அடுத்தது ஐட்லிங் கரண்ட், அதாவது பொத்தானை அழுத்திப் பேசாமல் இருக்கும்போது ஓடும் கரண்ட். பிரீசெட்டைப் பூஜ்யத்திலிருந்து மெல்ல ஏற்றி 100 மில்லி ஆம்பியரில் நிறுத்த வேண்டும். 60 வரை ஒழுங்காக ஏறியது. 60 தாண்டியதும் மீட்டர் துள்ளியது, பல்பு சிவந்தது. வாயே திறக்காமல் டம்மி லோடில் 9 வோல்ட்!

“ஊளையிடுது தம்பி,” என்றார் அண்ணாச்சி.

கோயில் கொடையில் மைக்கை ஸ்பீக்கர் பக்கம் கொண்டுபோனால் என்ன ஆகும்? ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் திரும்பப் புகுந்து, மேலும் மேலும் பெருகி, ‘குய்ங்’ என்று கத்தும். ஆம்ப்ளிஃபயரிலும் அதேதான். வெளியே வரும் அலையில் ஒரு துளி உள்ளே திரும்பினால் போதும், அது தானாகவே அலையை உண்டாக்க ஆரம்பித்துவிடும். இந்த ஊளை காதில் கேட்காது. கரண்ட்டிலும் சூட்டிலும்தான் தெரியும். சில வேளை பக்கத்து எஃப்.எம். ரேடியோ இரையும்.

காரணம் என் வயரிங். மாஸ்ஃபெட்டின் சோர்ஸ் காலை 3 சென்டிமீட்டர் வயரில் தரைக்குக் கொண்டுபோயிருந்தேன். டி.வி. மெக்கானிக் கண்ணுக்கு 3 சென்டிமீட்டர் வயர் வெறும் வயர்தான். ஆனால் நேரான கம்பிக்கும் காயிலின் குணம் உண்டு. அந்த நீளம் 7 மெகாஹெர்ட்ஸில் ஒரு ஓம் அளவுக்கும், 100 மெகாஹெர்ட்ஸில் 15 ஓமுக்கு மேலும் தடுக்கும். ஊளை பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் பிறக்கிறது. வயரை வெட்டியெறிந்து, சோர்ஸ் காலை போர்டின் செம்புத் தகட்டிலேயே நேராக சால்டர் செய்தேன். கேட் காலை ஒட்டி 10 ஓம் ரெசிஸ்டர். டிரெய்ன் காலிலிருந்து கேட்டுக்கு 220 ஓமும் 0.1 மைக்ரோஃபாரட் கண்டென்சரும் தொடராகப் போட்டு, பெருக்கத்தைக் கொஞ்சம் அடக்கினோம். வெளியே போகும் வயரோடு ஒட்டி ஓடிய உள்வரும் வயரைப் போர்டின் மறுபக்கம் மாற்றினேன். மீட்டர் 100-ல் வந்து அசையாமல் நின்றது.

அண்ணாச்சி எழுந்திருக்கவில்லை. “டீ குடிச்சிட்டு வந்து பாப்போம்,” என்றார். திரும்பி வந்தபோது 100 என்பது 180 ஆகியிருந்தது. கரண்ட் ஓடினால் சூடு. சூடேறினால் இதே கேட் வோல்ட்டுக்கு இன்னும் அதிகக் கரண்ட். அதனால் இன்னும் சூடு. விட்டால் மாஸ்ஃபெட் போகும்வரை நிற்காது. ஒரு சின்ன சிலிக்கான் டயோடை பிரீசெட்டின் தரைமுனையோடு தொடராகப் போட்டு, அதன் உடலை, மாஸ்ஃபெட்டின் சூட்டை வாங்கும் ஹீட் சிங்கில் ஒட்டினோம். சூடு ஏற ஏற அந்த டயோடின் வோல்ட் டிகிரிக்கு ஏறத்தாழ 2 மில்லிவோல்ட் குறையும். அதோடு கேட் வோல்ட்டும் இறங்கும். மாஸ்ஃபெட்டுக்கும் ஹீட் சிங்குக்கும் நடுவே இருந்த மைக்கா தகட்டையும் எடுத்துப் பார்த்தோம். மாஸ்ஃபெட்டின் உலோக முதுகு டிரெய்னோடு சேர்ந்தது. ஹீட் சிங்க் துளையில் பிசிர் இருந்து மைக்காவைக் கிழித்தால் 12 வோல்ட் நேரே சேஸிஸுக்குப் போய்விடும். பிசிரைத் தேய்த்து, பேஸ்ட் தடவி மாட்டி, மல்டிமீட்டர் பீப் அடிக்கவில்லை என்று உறுதி செய்தபின்தான் சப்ளையைப் போட்டோம்.

கடைசிக் கோளாறுதான் எனக்கு அதிகம் கற்றுக் கொடுத்தது. பல்பை எடுத்துவிட்டு, செல்போனிலிருந்து 1000 ஹெர்ட்ஸ் டோனை மைக்குக்குக் கொடுத்து அனுப்பினோம். லோடில் 24 வோல்ட். சந்தோஷம் ஒரு நிமிடம்தான். 22, 20, 17 என்று இறங்கியது. ஏறத்தாழ 6 வாட் 3 வாட்டுக்குக் கீழே போய்விட்டது. மாஸ்ஃபெட் சூடு அளவோடுதான் இருந்தது. ஐட்லிங் கரண்டும் மாறவில்லை. சப்ளையை அணைத்து, லோ பாஸ் ஃபில்டரின் பாகங்களை ஒவ்வொன்றாக விரலால் தொட்டேன். இரண்டு கண்டென்சர்கள் சுட்டன.

அந்த ஃபில்டர் இல்லாமல் எந்த டிரான்ஸ்மிட்டரும் காற்றில் போகக் கூடாது. 7.1 மெகாஹெர்ட்ஸில் அனுப்பும்போது 14.2, 21.3 என்று மடங்குகளிலும் அலை பிறக்கும். அவை வெளியேறினால் வேறு யாருடைய பேச்சிலோ போய் விழும். மூன்று காயிலும் நான்கு கண்டென்சரும் அவற்றைத் தடுக்கின்றன. 680 பிக்கோஃபாரட் கேட்ட இடத்தில், கடையில் கிடந்த சாதாரண பழுப்பு டிஸ்க் செராமிக்கைப் போட்டிருந்தேன். எண் சரி, ஜாதி தவறு. டி.வி. போர்டில் வருடக்கணக்கில் உழைக்கும் அந்தக் கண்டென்சர், உயர் அதிர்வெண் கரண்ட்டைச் சுமக்கும்போது சக்தியைத் தானே தின்று சூடாகி, மதிப்பும் மாறிவிடும். பழைய வால்வு ரேடியோவிலிருந்து கழற்றி வைத்திருந்த சில்வர் மைக்கா கண்டென்சர்களைப் போட்டேன். ஐந்து நிமிடம் கழித்தும் 24 வோல்ட் அப்படியே நின்றது.

அன்று சாயந்திரம் ஆன்டெனாவை மாட்டி அழைத்தேன். பெங்களூரிலிருந்து ஒரு குரல் என் குறியீட்டைத் திருப்பிச் சொன்னது. சத்தம் தெளிவாக இருப்பதாகச் சொன்னது. மேசையின் அந்தப் பக்கம் அண்ணாச்சி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

செய்து பார்க்க நினைக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. 12 வயது நிரம்பியிருந்தால் உரிமத் தேர்வு எழுதலாம். முதலில் அதை எழுதுங்கள். உரிமம் வந்தபின் அயர்னைப் பிடியுங்கள். முதலில் சப்ளையும் பயாஸும், பிறகு ஊளை, பிறகு சூடு, கடைசியில் ஃபில்டர் என்ற வரிசையை மாற்றாதீர்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றி, மீட்டர் காட்டியதை நோட்டில் எழுதுங்கள். அலை ஓடிக்கொண்டிருக்கும்போது எதையும் தொடாதீர்கள், தோலுக்குள் சுடும். பாகம் எரிந்தால் அதைத் தூக்கிப் போடாமல் ஒரு தீப்பெட்டியில் வையுங்கள். அது ஏன் எரிந்தது என்று பெட்டியின் மேல் எழுத முடிகிற வரை, புதியதை மாட்டாதீர்கள்.