ரேடார் திரைக்கு முன்னால் ஓர் இருக்கை

செண்பகத்தோப்பில் மேகம் மூடிய ஓர் அமாவாசை இரவை நினைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் பக்கத்துக்காரர்களுக்கு அந்த இருட்டு பழக்கம். பகலில் சாம்பல் நிற அணில் தாவித் திரிந்த மரங்களும், அவற்றுக்குப் பின்னால் எழும் மேற்குத்தொடர்ச்சி மலையும் ஒரே கறுப்பாகிவிடும். மலை எங்கே முடிகிறது, வானம் எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. ஆனாலும் பதற்றம் வராது. காலுக்குக் கீழே தரை இருக்கிறது.

இரவில் கடலுக்கு மேல் பறப்பவர்களுக்கு அந்தத் தரை கிடையாது. அடிவானம் மறைந்துபோனால் கண்ணால் பயனில்லை. காதுக்குள் சமநிலையை உணர்த்தும் நீர்மமோ, மெதுவாகத் திரும்பிக்கொண்டிருக்கும் விமானத்தை நேராகப் போவதாகச் சொல்லி ஏமாற்றும். உடம்பு சொல்வதை ஒதுக்கிவிட்டுக் கருவிகளை நம்பப் பழக வேண்டும். வகுப்பறையில் அதை ஓரளவுக்குத்தான் கற்றுக்கொள்ள முடியும். மிச்சத்தைக் கடலுக்கு மேல், இருட்டில் போய்த்தான் பழகியாக வேண்டும்.

2015 மார்ச் 24 அன்று கோவாவின் ஐ.என்.எஸ். ஹன்சா கடற்படைத் தளத்திலிருந்து ஒரு டோர்னியர் கண்காணிப்பு விமானம் இரவுப் பயிற்சிக்குக் கிளம்பியது. உள்ளே மூன்று பேர்: கமாண்டர் நிகில் ஜோஷி, லெப்டினன்ட் அபினவ் நாகோரி, லெப்டினன்ட் கிரண் ஷெகாவத். இரவு 10 மணியைத் தாண்டிச் சில நிமிடங்களில், கோவாவுக்குத் தென்மேற்கே சுமார் 25 கடல் மைல் தொலைவில், அதாவது 46 கிலோமீட்டரில், விமானம் கடலில் விழுந்தது. ஜோஷியை மீன்பிடிப் படகு ஒன்று காப்பாற்றியது. இரண்டு நாள் கழித்து, கடலடியில் கிடந்த விமானத்தின் சிதைவுக்குள்ளிருந்து கிரணின் உடலை மீட்டார்கள். நாகோரியும் பிழைக்கவில்லை.

பணியில் உயிரிழந்த முதல் பெண் கடற்படை அதிகாரி என்று மறுநாளிலிருந்து கிரணைப் பற்றி எழுதினார்கள். உண்மைதான். ஆனால் அந்த 'முதல்' என்ற சொல்லுக்குப் பின்னால், விமானத்தில் அவர் என்ன வேலை பார்த்தார் என்பது மறைந்துபோனது.

அவர் விமானி அல்லர்; அப்சர்வர். விமானியின் முதுகுக்குப் பின்னால், ரேடார் திரைக்கு முன்னால் அமர்ந்திருப்பவர். திரையில் தெரியும் புள்ளி மீன்பிடிப் படகா, சரக்குக் கப்பலா, சந்தேகப்பட வேண்டிய வேறு ஏதாவதா என்று பிரித்தறிய வேண்டும். எந்தத் திசையில் திரும்ப வேண்டும், எதை நெருங்கிப் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். கண்காணிப்பு விமானம் கிளம்புவதே இந்த வேலைக்காகத்தான். விமானி விமானத்தை ஓட்டுகிறார். அது எதற்காகப் பறக்கிறதோ அதைச் செய்து முடிப்பவர் அப்சர்வர். அந்த இருக்கையில் இருப்பவரின் பெயர் நம் நினைவில் தங்குவதே இல்லை. இது எனக்கு நெடுநாள் வருத்தம்.

கிரண் கடற்படைக் குடும்பத்துப் பெண். ராஜஸ்தானைப் பூர்வீகமாகக் கொண்ட அவருடைய தந்தை கடற்படையில் மாலுமியாக இருந்தவர். விசாகப்பட்டினத்தில் படித்த மகள், 2010-இல் கண்ணூருக்குப் பக்கத்தில் உள்ள ஏழிமலை கடற்படை அகாடமியில் சேர்ந்து அதிகாரியானார். கணவர் விவேக் சிங் சோக்கரும் கடற்படை அதிகாரி. 2015 குடியரசு தின அணிவகுப்பில்தான் முப்படைகளிலிருந்தும் பெண்கள் மட்டுமே கொண்ட அணிகள் முதன்முறையாக டெல்லி ராஜபாதையில் நடந்தன. கடற்படை அணியில் கிரணும் இருந்தார். அதற்குப் பிறகு அவருக்கு இரண்டு மாதம்கூடக் கிடைக்கவில்லை.

'வழக்கமான பயிற்சிப் பறத்தல்' என்று செய்திகளில் ஒரு சொற்றொடர் வரும். போரில் இறந்தால் ஒரு கனம், பயிற்சியில் இறந்தால் கொஞ்சம் குறைவு என்ற எண்ணம் அதற்குள் ஒளிந்திருக்கிறது. எந்தப் பயிற்சியும் இல்லாமல் ஒருவரை நள்ளிரவில் கடல்மேல் காவலுக்கு அனுப்ப முடியுமா?

அந்த விபத்து நடந்து மூன்று மாதம் ஆவதற்குள், ஜூன் 8 இரவு, நம் கடற்கரையிலேயே இன்னொரு டோர்னியர் காணாமல் போனது. சென்னையிலிருந்து கண்காணிப்புக்குப் போன கடலோரக் காவல்படை விமானம் அது. அதிலும் மூன்று பேர். பிச்சாவரத்துக்கு அப்பால், கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் ஆழத்தில், ஒரு மாதத்துக்கும் மேலாகத் தேடிய பிறகே அதன் மிச்சங்கள் கிடைத்தன. அந்த மூன்று வீடுகளும் ஜூலை வரை காத்துக்கொண்டிருந்தன.

பெண்கள் அப்சர்வர்களாகக் கடற்படை விமானங்களில் ஏறத் தொடங்கியது 2009-இல். விமானியின் இருக்கைக்கு வர மேலும் பத்து ஆண்டுகள் ஆயின. 2019 டிசம்பரில் கொச்சியில் சப்-லெப்டினன்ட் ஷிவாங்கி கடற்படையின் முதல் பெண் விமானியானார். அவருக்குக் கிடைத்ததும் டோர்னியர்தான்.

2022 ஆகஸ்ட் 3 அன்று குஜராத்தின் போர்பந்தரிலிருந்து ஒரு டோர்னியர், முழுக்கப் பெண்களோடு வட அரபிக்கடலுக்கு மேல் கண்காணிப்புக்குக் கிளம்பியது. லெப்டினன்ட் கமாண்டர் ஆஞ்சல் சர்மா தலைமையில், ஷிவாங்கியும் அபூர்வா கீதேவும் விமானிகள். பின்னால், திரைகளுக்கு முன்னால் இருவர். ஒருவர் லெப்டினன்ட் பூஜா பாண்டா. மற்றவர், கிரணின் குடும்பப் பெயரையே தன் பெயரோடு கொண்ட சப்-லெப்டினன்ட் பூஜா ஷெகாவத்.