டி.வி. சீரியலில் நடிக்க ஆசையா? பணம் கேட்டால் உஷார்!

சென்னை:-

"டி.வி. சீரியலில் நடிக்க புதுமுகங்கள் தேவை. முன் அனுபவம் தேவையில்லை." ஒரு காலத்தில் பஸ் நிலைய சுவர்களில் ஒட்டப்பட்ட இந்த நோட்டீஸ், இப்போது வாட்ஸ்-அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் வலம் வருகிறது.

அந்த நம்பருக்கு போன் போட்டால் "போட்டோ அனுப்புங்க" என்பார்கள். மறுநாளே "நீங்க செலக்ட் ஆயிட்டீங்க. ஹீரோயின் தங்கச்சி கேரக்டர். பதிவு கட்டணம் மட்டும் கட்டிடுங்க" என்று தேன் ஒழுக பேசுவார்கள். அடுத்து போட்டோ ஆல்பம், காஸ்ட்யூம், சங்க கார்டு என்று ஒவ்வொன்றுக்கும் பணம் கறப்பார்கள். கடைசியில் போன் 'சுவிட்ச் ஆப்' ஆகிவிடும். நகையை அடகு வைத்து பணம் கட்டிய குடும்பம் நடுத்தெருவில் நிற்கும்.

நடிப்பும் ஒரு வேலைதான். வேலை செய்கிறவனுக்குத்தான் சம்பளம் தர வேண்டும். வேலை தர பணம் கேட்டால் அது வேலையே இல்லை என்பதை முதலில் மனதில் போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்படியானால் நேர்வழியில் சின்னத்திரைக்குள் நுழைவது எப்படி?

போட்டோவும், வீடியோவும்

பெரிய ஸ்டூடியோவில் ஆயிரக்கணக்கில் செலவழித்து ஆல்பம் போட வேண்டிய அவசியம் இல்லை. பகல் வெளிச்சத்தில், அதிக மேக்கப் இல்லாமல் எடுத்த நாலைந்து போட்டோ போதும். நேர் முகம், பக்கவாட்டு முகம், முழு உருவம் கட்டாயம் இருக்க வேண்டும்.

அத்துடன் ஒரு நிமிட செல்போன் வீடியோ தேவை. அதில் பெயர், வயது, உயரம், சொந்த ஊர், தெரிந்த மொழிகளை சொல்லிவிட்டு, சின்னதாக ஒரு காட்சி நடித்துக் காட்டலாம். முகத்தை வெள்ளையாக்கும் 'பில்டர்' போடக்கூடாது. நேரில் பார்க்கும்போது வேறு ஆளாக தெரிந்தால் வாய்ப்பு அதோடு போச்சு.

எங்கே தேடுவது?

வடபழனி, சாலிகிராமம், வளசரவாக்கம், போரூர் பகுதிகளில்தான் சீரியல் கம்பெனி ஆபீஸ்களும், ஷூட்டிங் வீடுகளும் அதிகம். சேனலும், தயாரிப்பு கம்பெனியும் தங்கள் சொந்த பக்கங்களில் ஆடிஷன் அறிவிப்பு வெளியிடுவது உண்டு. வேறு யாராவது ஒரு கம்பெனி பெயரை சொன்னால், அந்த கம்பெனி ஆபீசிலேயே நேரில் கேட்டு உறுதி செய்வது நல்லது.

ஏஜெண்ட் மூலம் கூட்டத்தில் நிற்கும் வேடம் கிடைக்கும். உண்மையான ஏஜெண்ட், கிடைத்த சம்பளத்தில்தான் கமிஷன் பிடிப்பார். முன்பணம் கேட்க மாட்டார்.

சின்னத்திரை நடிகர் சங்கத்தில் சேர வேண்டிய கட்டம் வந்தால், சங்க ஆபீசில் நேரில் பணம் கட்டி ரசீது வாங்க வேண்டும். 'கார்டு வாங்கித் தர்றேன்' என்கிற ஆளிடம் ஒரு ரூபாய் கூட தரக்கூடாது.

செட்டில் என்ன நடக்கும்?

சீரியல் ஷூட்டிங் பெரும்பாலும் காலை 9 மணி முதல் இரவு 9 மணி வரை நடக்கும். வசன பேப்பர் பல நேரம் அன்றைக்குத்தான் கைக்கு வரும். கேமராவுக்கு பின்னால் உதவி டைரக்டர் வசனத்தை சொல்லிக்கொண்டே இருப்பார். நடிகர் அதை காதில் வாங்கி, அந்த நொடியே முகபாவத்தோடு பேச வேண்டும். இதற்கு 'பிராம்ப்டிங்' என்று பெயர். அழகாக இருந்தும் இது வராமல் திரும்பியவர்கள் உண்டு.

இதை வீட்டிலேயே பழகலாம். தம்பியோ, தங்கையோ பேப்பரை வாசிக்க, அதை கேட்டு ஒருமுறை கோபமாகவும், ஒருமுறை அழுகையாகவும் திருப்பி சொல்லிப் பார்க்க வேண்டும்.

நாடக குழுவில் சேருவதும் நல்ல பயிற்சி. 1977-ல் ந.முத்துசாமி தொடங்கிய கூத்துப்பட்டறையில் கணக்கு எழுதும் வேலை பார்த்தபடியே நடிப்பை கற்றவர் விஜய் சேதுபதி. 'பெண்' என்ற டி.வி. தொடரிலும் நடித்தார். அதன்பிறகே 2010-ல் 'தென்மேற்கு பருவக்காற்று' படத்தில் கதாநாயகன் ஆனார். திருச்சியில் என்ஜினீயரிங் படித்த சிவகார்த்திகேயன், 'கலக்கப்போவது யாரு' மேடையில் தொடங்கி 2012-ல் 'மெரினா' மூலம் சினிமாவுக்கு வந்தார். இருவருமே படிப்படியாக ஏறியவர்கள்.

கையில் காசு

சம்பளம் நாள் கணக்கில்தான். கூட்டத்தில் நிற்பவருக்கு கிடைப்பது தினக்கூலி மாதிரி. அதுவும் அன்றே கைக்கு வரும் என்று சொல்ல முடியாது. ஒன்றிரண்டு மாதம் இழுப்பதும் உண்டு. சேலை, ஜாக்கெட், நகையை நடிகைகளே கொண்டு வரும்படி பல கம்பெனிகளில் சொல்வார்கள். டி.ஆர்.பி. குறைந்தால் தொடரை சட்டென்று முடித்து விடுவார்கள். 2020-ல் கொரோனா ஊரடங்கில் ஷூட்டிங் நின்றபோது, தினக்கூலி கலைஞர்கள் அரிசி, பருப்புக்கே திண்டாடினார்கள்.

எனவே, ஊரில் உள்ள வேலையை விட்டுவிட்டு கிளாம்பாக்கத்தில் வந்து இறங்குவது ஆபத்து. 6 மாத சாப்பாட்டுக்கும், வாடகைக்கும் கையில் பணம் வேண்டும். இல்லாவிட்டால் பக்கத்திலேயே ஒரு வேலை வேண்டும்.

பெண்கள் கவனத்துக்கு

ஆடிஷனுக்கு பகலில், ஆபீசுக்கு மட்டுமே போக வேண்டும். அம்மா, அண்ணன் என யாராவது துணைக்கு போவது நல்லது. ஓட்டல் அறைக்கோ, இரவில் தனியாகவோ கூப்பிட்டால் அங்கேயே 'முடியாது' என்று சொல்லிவிட வேண்டும். 'போட்டோ டெஸ்ட்' என்ற பெயரில் அரைகுறை ஆடை படம் கேட்டால் அனுப்பவே கூடாது. 2013-ம் ஆண்டு சட்டப்படி வேலை இடத்தில் பாலியல் தொல்லை தண்டனைக்குரியது. ஷூட்டிங் நடக்கும் இடமும் வேலை இடம்தான்.

குழந்தைகள் நடித்தால்...

குழந்தைகளை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்க வைக்கக்கூடாது. தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் ஓய்வில்லாமல் வேலை வாங்கவும் கூடாது. தயாரிப்பாளர் கலெக்டரிடம் அனுமதி பெற வேண்டும். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதத்தை குழந்தை பெயரில் பேங்க் டெபாசிட் போட வேண்டும். இது 2017-ல் வந்த மத்திய அரசு விதி.

ஏமாந்து விட்டால்?

வெட்கப்பட்டு மூடி மறைத்தால் மோசடி பேர்வழிக்குத்தான் லாபம். ஆன்லைனில் பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் அந்த பணத்தை முடக்க வாய்ப்பு உண்டு. பெண்கள் உதவிக்கு 181. பணம் அனுப்பிய ரசீது, வாட்ஸ்-அப் பேச்சு எதையும் அழிக்காமல் போலீசில் கொடுக்க வேண்டும்.

நடிக்க ஆசைப்படுவது தப்பே இல்லை. ஆனால் அந்த ஆசைக்காக அம்மாவின் தாலிச் செயின் அடகு கடைக்கு போகக்கூடாது.