லாரி எஞ்சினில் ஓடும் படகுகள்

மலேசியாவின் கிள்ளான் ஆற்று முகத்துவாரத்திலும் எதிரேயுள்ள புலாவ் கெத்தாம் தீவிலும், தென்கிழக்காசியக் கரைகளில் வேறு பல இடங்களிலும் போலவே, லாரிக்கென உருவான டீசல் எஞ்சின்களைப் பொருத்திய மீன்பிடிப் படகுகள் தொழில் செய்கின்றன. லாரியிலிருந்து கழற்றிய எஞ்சினின் ரேடியேட்டரை நீக்கிவிட்டு வெப்பப் பரிமாற்றி என்னும் கலத்தை இணைக்கிறார்கள். எஞ்சினுக்குள் சுற்றும் நன்னீரின் சூட்டை அது குழாய்ச் சுவர் வழியாகக் கடல்நீருக்குக் கடத்துவதால், உப்புநீர் உட்புகாமலே எஞ்சின் குளிர்கிறது. இத்தகைய எஞ்சினின் பிஸ்டன் வளையமும் கேஸ்கட்டும் லாரிப் பட்டறைகளுக்குப் பழகிய பொருள்கள் என்பதோடு, ஜப்பானியப் பழைய வாகனங்களைப் பாதியாக அறுத்து இறக்கி விற்கும் ‘ஹாஃப்கட்’ கடைகளும், மலேசியத் தமிழர் பலர் நடத்திவரும் பழைய இரும்புக் கடைகளும் கிள்ளான் பள்ளத்தாக்கில் கைக்கெட்டும் தொலைவிலேயே உள்ளன.

உதிரிபாகம் எளிதில் கிடைப்பதையே தேர்வது, பொழுதுபோக்குக்காகப் படகு வைத்திருப்பவர்களும் மீனவரிடம் கற்க வேண்டிய பாடம். ஒரு கருவியைப் பழுதுபார்க்க முடியுமா என்பது அதை வாங்கும் நாளிலேயே தீர்மானமாகிவிடுவதால், அதன் உறை திருகாணியால் மூடப்பட்டதா, பசையால் ஒட்டப்பட்டதா என்பதையும், உள்ளிருக்கும் பேரிங், ஆயில் சீல், பெல்ட் ஆகியவை பொது அளவினவா என்பதையும் முதலில் பார்க்க வேண்டும். பேரிங்கின் விளிம்பில் 6204 என்று பொறித்திருந்தால், கடைசி இரண்டு இலக்கங்களை ஐந்தால் பெருக்கக் கிடைக்கும் 20 மில்லிமீட்டர் அதன் உள்விட்டம். வெளிவிட்டம் 47, அகலம் 14. இவ்வளவுகள் உலகெங்கும் ஒன்றே என்பதால், மோட்டார் சைக்கிள் கடையில் கிடைக்கும் 6204 படகின் நீரேற்றியிலும் பொருந்தும். அவ்வாறே ஏ38 என்ற பெல்ட்டின் உட்சுற்றளவு 38 அங்குலம். அதே பேரிங் கடல்சார் கடையின் பெட்டிக்குள் புகுந்ததும் விலை ஏறிவிடுவதில் வஞ்சனை எதுவுமில்லை. மெதுவாக விற்கும் சரக்கை அடுக்கி வைத்திருப்பதற்கான வாடகையே அது.

எனினும் மலிவு ஆபத்தாகும் இடங்கள் உள்ளன. நீர்மட்டத்துக்குக் கீழே படகின் உடலைத் துளைத்துச் செல்லும் வால்வுக்கு, வீட்டுக் குழாய்க் கடையின் பித்தளை வால்வு மரையளவில் பொருந்திவிடும்; ஆனால் பித்தளையிலுள்ள துத்தநாகம் கடல்நீரில் கரைந்து வெளியேற, எஞ்சிய செம்பு இளஞ்சிவப்பாக மாறி நொறுங்கும் நிலைக்கு வருவதால், அங்கே வெண்கலமோ துத்தநாக இழப்பைத் தாங்கும் தனிப் பித்தளையோதான் வேண்டும். துருப்பிடிக்காத எஃகிலும் இதே எச்சரிக்கை தேவை: மாலிப்டினம் கலந்த 316 வகையும் அது கலவாத 304 வகையும் கண்ணுக்கு ஒன்றாகவே தோன்றும், காந்தம் வைத்துப் பார்த்தும் பிரித்தறிய இயலாது, உப்புக்காற்று மட்டுமே வேறுபாட்டைக் காட்டும், அதுவும் காலம் கடந்து.

பெட்ரோல் எஞ்சினின் ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர் ஆகியவற்றில் சமரசமே கூடாது. காற்றைவிடக் கனமான பெட்ரோல் ஆவி படகின் அடித்தட்டில் தேங்குவதால், காரில் தீங்கற்ற சிறு பொறி இங்கே வெடிப்பாக மாறும். படகுக்கெனச் செய்தவை அப்பொறி வெளியே பரவாதபடி அமைக்கப்பட்டவை. உயிர்காப்பு மேலங்கியையும் பழைய பொருள் கடையில் தேடுவது தகாது.

கிள்ளான், லங்காட் ஆறுகள் கொண்டுவரும் சேறு, கடல்நீரை இழுக்கும் இம்பெல்லரின் ரப்பர் இறகுகளை விரைவில் தேய்த்துவிடும் என்பதால், பரவலாக விற்கும் நீரேற்றியையே தேர்ந்து, மாற்று இம்பெல்லர் ஒன்றை அதனுடனேயே வாங்கிவிடுவது நல்லது. படகிலுள்ள ஒவ்வொரு பேரிங், சீல், பெல்ட் ஆகியவற்றின் எண்ணையும், உப்பரிப்பில் எழுத்து அழிவதற்கு முன்பே ஒரு குறிப்பேட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கிள்ளான் கடைக்காரர் கேட்பது படகின் பெயரையல்ல, அந்த எண்ணைத்தான்.