சாயம் கடைசி வேலை

பழைய ரிமோட் படகு ஒன்று கைக்கு வந்தால், அதன் கீறலையும் மங்கிய நிறத்தையும் பார்த்த கையோடு சாய டப்பாவைத் தேடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம். பளிச்சென்று இரண்டு பூச்சு அடித்துவிட்டால் படகு புதிதாகிவிடும் என்பது நம்பிக்கை. சில முறை தண்ணீரில் விட்டதும் அடிப்பக்கத்தில் சாயம் கொப்புளிக்கும். இன்னும் சில முறை போனால் நகத்தால் நெம்பினாலே தோலாக உரிந்து வரும். பழி சாயத்தின் மீதும் அதை விற்ற கடைக்காரர் மீதும் விழும். உண்மையில் படகு கெடுவது சாயத்துக்கு மேலே அல்ல, அதற்குக் கீழே. ஈரத்தை உள்ளே வைத்துப் பூசிய சாயம் படகைக் காப்பதில்லை, அந்த ஈரத்தைத்தான் காக்கிறது. ஆகவே பழுது பார்ப்பதில் முதல் வேலை உலர்த்துவது, இரண்டாவது அடைப்பது, கடைசி வேலைதான் சாயம். கேட்க எளிதாக இருக்கும் இந்த வரிசையைக் கடைப்பிடிப்பவர்கள் குறைவு. ஈப்போவைப் போல ஆண்டு முழுவதும் காற்றில் ஈரம் ததும்பும் ஊரிலோ இதை மீறினால் தப்பவே முடியாது.

இதற்குப் பேராக்கிலேயே மாபெரும் சான்று ஒன்று மிதந்துகொண்டிருக்கிறது. பத்து காஜாவிலிருந்து தஞ்சோங் துவாலாங் போகும் சாலையோரக் குட்டையில் நிற்கும் டிடி5 என்ற ஈயக் கப்பலைச் சொல்கிறேன். 1926இல் தொடங்கப்பட்ட சதர்ன் மலாயன் டின் டிரெட்ஜிங் நிறுவனத்துக்காக, இங்கிலாந்தின் எப்.டபிள்யூ. பெய்ன் அண்ட் சன் நிறுவனம் 1938இல் உருவாக்கியது இது. முன்பக்கம் வாளித் தொடரை இறக்கி மண்ணை வாரி, வயிற்றுக்குள்ளேயே சலித்து, ஈயத்தை எடுத்துக்கொண்டு சேற்றைப் பின்பக்கம் உமிழ்ந்தபடி 44 ஆண்டுகள் உழைத்து 1982இல் ஓய்ந்தது. 1985 அக்டோபரில் அனைத்துலக ஈய மன்றம் பணமின்றிக் கைவிரித்ததும் ஈய விலை சரிந்தது; மற்றக் கப்பல்களில் பெரும்பாலானவை ஒவ்வொன்றாக இரும்புக் கடைக்குப் போயின. டிடி5 நினைவுச் சின்னமாக மிஞ்சியது. வருகிறவர்கள் வாளிகளையும் பல்சக்கரங்களையும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஆனால் இந்தக் கப்பலுக்கு ஆபத்து வந்தது அங்கிருந்தல்ல. யாரும் பார்க்காத மிதவைத் தொட்டியில் நீர் கசிந்து, கப்பல் ஒருபக்கம் சாய்ந்து, மூடி வைத்துப் பழுது பார்க்க வேண்டிய நிலை வந்தது. மேலே எவ்வளவு சாயம் அடித்திருந்தாலும் அந்தக் கசிவு நின்றிருக்காது.

டிடி5 ஏறத்தாழ 4,500 டன் எடை கொண்டது. அதைத் தாங்கும் மிதவை 75 மீட்டர் நீளம், 35 மீட்டர் அகலம், 3 மீட்டர் ஆழம். இதை நூறில் ஒரு பங்காகச் சுருக்கி மாதிரிப் படகு செய்வதாக வைத்துக்கொள்வோம். நீளம் 75 சென்டிமீட்டர், அகலம் 35, ஆழம் வெறும் 3. நீளம், அகலம், உயரம் மூன்றும் நூறு மடங்கு சுருங்குவதால் எடை பத்து லட்சம் மடங்கு குறைந்து நாலரைக் கிலோ ஆகிறது. மிதவையை ஒரே சதுரப் பெட்டியாக எடுத்துக்கொண்டால் அது 1.7 சென்டிமீட்டர் நீரில் அமிழும். நீர்மட்டத்துக்கு மேலே மிஞ்சுவது 1.3 சென்டிமீட்டர். வாளித் தொடர் இறங்கும் பிளவையும் கழித்தால் அதுவும் குறையும். இவ்வளவு அகலமான பெட்டி நாலு பாகைக்குச் சற்று மேல் சாய்ந்தாலே ஓரம் தண்ணீரைத் தொட்டுவிடும். உள்ளே ஒரே ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு நீர் புகுந்தால் 2.6 கிலோ கூடுதல் சுமை. படகு கிட்டத்தட்ட விளிம்புவரை இறங்கிவிடும். அந்த நீர் ஓரிடத்தில் நிற்காது, சாய்ந்த பக்கமே ஓடிச் சாய்வை இன்னும் கூட்டும். பெரிய மிதவைகளின் உட்புறத்தைத் தனித்தனி அறைகளாகத் தடுப்பது இதனால்தான். மறுபக்கம், படகின் அடியிலும் பக்கங்களிலும் 0.1 மில்லிமீட்டர் கனத்தில் பூசும் சாயத்தின் எடை நாற்பது கிராம் சொச்சம்தான்; மொத்த எடையில் ஒரு விழுக்காடுகூடத் தேறாது. மிதப்பதும் மூழ்குவதும் எதைப் பொறுத்தவை என்பதை இந்த இரண்டு எண்களே சொல்லிவிடுகின்றன.

ஈரம் உள்ளே போகும் வழி பொருளுக்குப் பொருள் மாறுகிறது. மரப் படகென்றால், நம் தட்பவெப்பத்தில் காற்றில் காய்ந்த மரமே பதினைந்து விழுக்காட்டளவு ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். கீறல் வழியே குட்டைத் தண்ணீரும் புகுந்தால் மரம் உப்பும். வெயிலில் வைத்தால் சுருங்கும். விறைப்பான சாயம் அந்த அசைவுக்கு ஈடுகொடுக்க முடியாமல் வெடிக்கும். கண்ணாடி இழைப் படகின் கதை வேறு. அதன் வெளித்தோலான ஜெல்கோட்டைப் பலர் தண்ணீரே புகாத கவசம் என்று நினைக்கிறார்கள். நாள் கணக்கில் தண்ணீரில் கிடந்தால் அதன் வழியாகவும் நீர் மெல்ல ஊடுருவும். உள்ளே பாலியெஸ்டரில் மிச்சமிருக்கும் கரையக்கூடிய பொருள்களோடு கலந்து அமிலக் கரைசலாகும். அந்தக் கரைசல் இன்னும் நீரை உள்ளிழுத்து, அழுத்தம் ஏறி, மேலே கொப்புளமாக எழும்பும். ஊசியால் குத்தினால் பிசுபிசுத்த நீர் வடியும், காடி வாடை அடிக்கும். அந்த வாடையே நோயின் அடையாளம். கொப்புளங்களை எல்லாம் திறந்து, நல்ல தண்ணீரால் பலமுறை கழுவி, வாரக் கணக்கில் உலர்த்தி, எபாக்ஸி கொண்டு அடைத்த பிறகே அங்கே சாயத்துக்கு வேலை. பாலியெஸ்டர் மீது எபாக்ஸி நன்றாகப் பிடிக்கும், எபாக்ஸி மீது பாலியெஸ்டர் சரியாகப் பிடிக்காது என்பதும் நினைவில் இருக்க வேண்டும்.

அடைத்து முடித்த பிறகும் இங்குள்ள காற்று விடுவதில்லை. மழை நாளில் எபாக்ஸி இறுகினால் மேலே மெழுகு தடவியது போன்ற படலம் படியும். கண்ணுக்குப் பளபளப்பாகத் தெரியும், விரலுக்கு வழவழக்கும். அதை அப்படியே தேய்த்தால் மணல் தாள் அடைத்துக்கொள்ளும், மெழுகும் பரப்பெங்கும் பரவிவிடும். வெதுவெதுப்பான தண்ணீரும் கொஞ்சம் சோப்பும் கொண்டு முதலில் கழுவ வேண்டும். தேய்ப்பது அதற்குப் பிறகு. 120ஆம் எண் தாளில் தொடங்கி 240, 400 என்று ஏறி, பள்ளங்களுக்குப் பட்டி வைத்து, மறுபடி தேய்த்து, பிரைமர் அடித்தால் அதுவரை ஒளிந்திருந்த ஊசித் துளைகள் எல்லாம் தெரியவரும். மேல்சாயத்துக்கும் இதே சிக்கல்தான். வேகமாகக் காயும் லாக்கர் சாயத்தை மழைக்குப் பின் அடித்தால், தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து, காற்றின் ஈரம் அதில் படிந்து வெளுத்துப்போகும். கார்ப் பட்டறைகளில் அப்படிப்பட்ட நாள்களில் மெதுவாக ஆவியாகும் தின்னர் கலப்பார்கள், அல்லது வேலையை மறுநாளுக்குத் தள்ளுவார்கள். இரு கலவைப் பாலியூரித்தேன் சாயம் அடிப்பவர்கள் இன்னொன்றையும் மறக்கக் கூடாது: அதிலுள்ள ஐசோசயனேட் நுரையீரலைக் கெடுக்கும், துணி முகக்கவசம் அதைத் தடுக்காது.

இந்த வேலைக்கான பொருள்களில் சில பேராக்கின் காடுகளிலிருந்தும் தோட்டங்களிலிருந்தும் வருபவை என்பது பலருக்குத் தெரியாது. உலகெங்கும் வார்ப்படத் தச்சர்கள் விரும்பும் ஜெலுத்தோங் மரம் மலாயாக் காட்டு மரம். நேரான இழை, மென்மை, உளிக்கு அடங்கும் குணம் ஆகியவற்றால் படகு வடிவத்தைச் செதுக்க அதைவிடத் தோதான மரம் குறைவு. ஆனால் பால் வடியும் மரமாதலால் பலகையில் ஆங்காங்கே கண் வடிவப் பிளவுகள் இருக்கும். பால் ஓடிய தடம் அது. அதை அடைக்காமல் சாயம் பூசினால் தண்ணீருக்கு நாமே வாசல் திறந்துவிட்டதாகும். கித்தா மரப் பலகையில் மேசை நாற்காலி செய்வதைப் பார்த்துப் படகும் செய்யலாமே என்று தோன்றலாம். அதில் மாச்சத்து அதிகம். பூஞ்சையும் வண்டும் விரைவில் பிடிக்கும். அதைத் தடுக்க ஏற்றும் போரான் மருந்து தண்ணீரில் கரைந்து போய்விடும். வீட்டுக்குள் உதவும் மரம் குட்டைக்கு உதவாது. கித்தாப் பால் மட்டும் வேறு வழியில் படகுக்கு வந்து சேர்கிறது. சாயம் படக் கூடாத இடத்தை மறைக்கத் தடவும் மறைப்புத் திரவம் பெரும்பாலும் அம்மோனியா கலந்த கித்தாப் பாலே. தோட்டத்தில் பால் உறையாமலிருக்க ஊற்றும் அதே அம்மோனியா. காய்ந்ததும் ரப்பர் தோலாக உரித்துவிடலாம். பித்தளைக் குழாய், பித்தளைச் சுழலி பக்கம் மட்டும் அது படக் கூடாது. அம்மோனியா பித்தளையில் வெடிப்பு உண்டாக்கும். 1877இல் கோலகங்சாரில் ஊன்றிய கன்றுகளிலிருந்து தொடங்கிய கித்தாத் தொழிலில் மூன்று தலைமுறை பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், அதே பாலை வெளிநாட்டுப் பெயர் ஒட்டிய சிறு புட்டியில் விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

இவ்வளவு பாடு எதற்கு, புதிய பிளாஸ்டிக் படகே மலிவாகக் கிடைக்கிறதே என்பது முதல் மறுப்பு. விலையை மட்டும் பார்த்தால் நியாயமான மறுப்புதான். அச்சில் வார்த்த மலிவுப் படகில் விரிசல் விழுந்தால், அதைச் சீராக்கச் செலவாகும் பசையும் தாளும் சாயமும் சேர்ந்து படகின் விலையைத் தொட்டுவிடும். ஆனால் அந்தப் புதுப் படகிலும் மோட்டார்த் தண்டு வெளியேறும் துளை ஒன்று உண்டு, சுக்கான் தண்டுக்கு இன்னொன்று உண்டு. பல படகுகளில் தண்ணீர் முதலில் புகுவது இந்த வழிகளில்தான். பழைய படகில் கசிவைத் தேடக் கற்றுக்கொள்ளாதவர் புதிய படகிலும் அதே இடத்தில்தான் தோற்பார். அது மட்டுமல்ல, ரிமோட் படகு விளையாட்டுச் சாமானாகப் பிறந்ததும் அல்ல. 1898இல் நியூயார்க்கில் நிக்கோலா டெஸ்லா அதை மக்கள் முன் ஓட்டிக் காட்டியது, கம்பியில்லாமல் இயந்திரத்தை ஆள முடியும் என்று நிறுவுவதற்காக. கற்பதற்கான கருவியாக எடுத்துக்கொண்டால், பழுதான படகே புதிய படகைவிட அதிகம் கற்றுத்தரும்.

அடுத்த மறுப்பு வேகப் பிரியர்களுடையது: அடைப்பு, பட்டி, பிரைமர் என்று அடுக்கினால் எடை கூடி வேகம் குறையுமே என்பார்கள். ஒரு கிலோவுக்குள் நிற்கும் பந்தயப் படகில் நாற்பது கிராம் பொருட்படுத்த வேண்டிய எடைதான். அதற்குத் தீர்வு, அடைக்காமல் விடுவதல்ல, தேய்த்து மெல்லியதாக்குவது. 1870களில் இங்கிலாந்தின் டார்க்கி நகரில் வில்லியம் புரூட் நீண்ட நீர்த்தொட்டி கட்டி, மெழுகில் செய்த கப்பல் மாதிரிகளை இழுத்துச் சோதித்தார். வார்னிஷ், துணி, மணல் என்று வெவ்வேறு பரப்புகள் கொண்ட பலகைகளையும் இழுத்துப் பார்த்தார். மணல் ஒட்டிய பலகைக்கு வார்னிஷ் பலகையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இழுவை தேவைப்பட்டது. வேகத்தைத் தருவது சாயத்தின் நிறமோ பளபளப்போ அல்ல, அடியிலுள்ள பரப்பின் வழவழப்பு. அது தேய்ப்பதால் வருவது. உப்பிய மரத்தின் மீதும் கொப்புளித்த இழையின் மீதும் அந்த வழவழப்பு நிற்காது.

ஈரத்தின் மீதே பூசலாம், துருவின் மீதே பூசலாம் என்று சாயங்கள் வந்துவிட்டனவே என்பது மூன்றாவது மறுப்பு. அப்படிப்பட்ட சாயங்கள் உண்டு. தண்ணீருக்கடியில் ஒட்டும் எபாக்ஸியும் உண்டு. அவசரத்துக்கு அவை கைகொடுக்கும். ஆனால் அவை தாங்குவது பரப்பின் மீதுள்ள ஈரத்தை. மரத்தின் உள்ளேயும் இழை அடுக்குகளுக்கு நடுவிலும் தேங்கிய ஈரத்தை அல்ல. தளர்ந்த துருவை அகற்றிய பிறகே பூசச் சொல்லும் குறிப்பும் டப்பாவிலேயே அச்சாகியிருக்கும். ஈப்போ பழைய நகரின் கடைவீடுகளிலும் ஈரத்தை உள்ளே வைத்துப் பூசும் இதே தவறு நடக்கலாம். சுண்ணாம்புப் பூச்சுச் சுவர் மூச்சுவிடும் சுவர். அதன் மீது காற்றுப் புகாத அக்ரிலிக் சாயத்தைப் பூசினால், தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியேற வழியின்றிப் பூச்சைப் பொலபொலவென்று உதிர்க்கும். புகைப்படத்துக்கு அழகாக இருக்கும் சுவர் சில ஆண்டுகளில் மீண்டும் செலவு கேட்கும்.

கடைசி மறுப்பு இதுவரை சொன்னவற்றைவிடக் கனமானது: ஈயக் கப்பல் வெள்ளைக்காரன் முதலில் ஓடியது, ஈயம் சீனர் தொழில், நம் வரலாறு தோட்டத்தில் இருக்கிறது, அந்த இரும்புத் தொட்டி மூழ்கினால் நமக்கென்ன? இந்தப் பிரிப்பு வரலாற்றுக்குப் பொருந்தாது. ஐரோப்பிய நிறுவனங்களின் ஈயக் கப்பல்களில் மலாய்க்காரர், சீனர், இந்தியர் என மூன்று இனத்தாரும் வேலை செய்தார்கள். கிந்தா பள்ளத்தாக்கில் தோட்டமும் ஈய லம்பமும் பக்கத்துப் பக்கத்து நிலங்கள். ஒரே இரயில் பாதை இரண்டையும் கடற்கரையோடு இணைத்தது. தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்பாகவும் மாறி, லயங்களில் பெரும்பாலானவை தடமின்றிப் போன இந்நாளில், அந்தக் காலத்துத் தொழிலாளர் கைபட்ட பெரும் இயந்திரம் முழுதாக நிற்பது அரிது. அதைக் காப்பது என்பது வாளிக்குப் புதுச் சாயம் அடிப்பது அல்ல, மிதவையைக் காப்பது.

சாயத்துக்கு முன் கசிவைக் கவனிக்க இரண்டு எளிய வழக்கங்கள் போதும். வீட்டில், படகைத் தண்ணீரில் விடுவதற்கு முன்னும் ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டுத் துடைத்த பின்னும் சமையலறைத் தராசில் நிறுத்திப் பார்க்க வேண்டும். எடை கூடியிருந்தால் எங்கோ நீர் புகுந்திருக்கிறது. கசிவைக் கண்டுபிடித்து உலர்த்தும்வரை சாய டப்பாவைத் திறக்கக் கூடாது. அறிவியல் விழாவுக்குப் படகு செய்யும் தமிழ்ப்பள்ளி மாணவர்களும் இந்தச் சோதனையைச் செலவில்லாமல் செய்யலாம். டிடி5இல், மிதவைத் தகடுகளின் கனத்தை மீயொலிக் கருவியால் ஆண்டுதோறும் அளந்து, சென்ற ஆண்டு எவ்வளவு, இந்த ஆண்டு எவ்வளவு என்று நுழைவாயிலிலேயே பலகை வைக்கலாம். சீட்டு வாங்கி உள்ளே போகிறவருக்குத் தன் பணம் சாயத்துக்குப் போகிறதா தகட்டுக்குப் போகிறதா என்று அதைப் பார்த்தே தெரிந்துவிடும். பராமரிப்புப் பணத்தை முதலில் எதற்கு ஒதுக்குவது என்ற கேள்விக்கும் அங்கேயே விடை இருக்கும்.