முறைப்பெண்ணா, தங்கையா? – அந்தமான் கலப்புக் குடும்பங்களில் உறவுமுறைச் சொற்கள்

2006-ஆம் ஆண்டு தை மாதம் என் மகனுக்கும் டிக்லிப்பூர் பக்கத்து வங்காளிக் குடும்பத்துப் பெண் ஒருத்திக்கும் திருமணம் நடந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் என் மனைவி மருமகளிடம், "இவரை மாமான்னு கூப்பிடும்மா, என்னை அத்தைன்னு கூப்பிடு" என்று சொல்லிக் கொடுத்தாள். அந்தப் பெண் திருதிருவென விழித்தது. மாமா என்பது அவளுக்கும் தெரிந்த சொல்தான். வங்காளியிலும் தாயுடன் பிறந்தவர் மாமாவே. "என் கணவரின் தந்தை எப்படி என் அம்மாவுக்குத் தம்பியாவார்? அப்படியானால் நான் யாரைக் கல்யாணம் செய்திருக்கிறேன்?" என்று இந்தியில் கேட்டாள். வீடே சிரித்தது. ஏழு ஆண்டு கழித்து அதே கேள்வி எங்கள் வீட்டில் அழுகையாக வந்து நின்றது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

என்னைப் பற்றி இரண்டு வார்த்தை. வந்தவாசிப் பக்கம் பிறந்த தமிழ்ச் சமணன் நான். எஸ்.எஸ்.எல்.சி.யோடு படிப்பு நின்றது. 1978-இல் கப்பலேறி இங்கு வந்து அபர்தீன் பஜாரில் பாத்திரக் கடை வைத்தேன். கல்லாவில் உட்கார்ந்து படித்தவைதாம் என் கல்வி. ஆகவே பேராசிரியர் எழுத்தை இதில் எதிர்பார்க்க வேண்டாம்.

கலப்பு மணம் என்பது இத்தீவுகளுக்குப் புதிதன்று. 1858 மார்ச்சில் டாக்டர் வாக்கர் 200 கைதிகளோடு வந்து இறங்கிய பிறகு, இங்கே குடும்பம் என்பதே கலப்பில்தான் தொடங்கியது எனலாம். நன்னடத்தை பெற்ற ஆண் கைதியும் பெண் கைதியும் அதிகாரியின் அனுமதியோடு மணந்துகொள்ளலாம் என்றிருந்தது. பெரும்பாலும் மதத்தைப் பார்த்தார்கள்; சாதியையும் மொழியையும் பார்க்க வழியில்லை. அவர்களின் வாரிசுகளே இன்று நாம் 'லோக்கல் பார்ன்' என்று சொல்லும் மக்கள். வீட்டில் இந்துஸ்தானி பேசுவார்கள். பாட்டன் எந்த ஊர் என்று கேட்டால் சிலருக்குத் தெரியும், பலருக்குத் தெரியாது. பிறகு மாப்பிளாமார், கரேன் மக்கள், 1949 முதல் கிழக்கு வங்காளத்து அகதிகள், இலங்கையிலிருந்து திரும்பிக் கச்சால் ரப்பர் தோட்டத்துக்கு வந்த நம் தமிழர்கள் என்று ஒவ்வொரு கூட்டமாக வந்து சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் இங்கே வங்காளி பேசுவோர் நூற்றுக்கு 28 பேர், தமிழ் பேசுவோர் 15 பேர். பள்ளிக்கூடமும் ஒன்று, படகும் ஒன்று. பிள்ளைகள் ஒருவரையொருவர் விரும்பாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

பொதுவாக இத்தகைய மணங்களில் சாப்பாடுதான் பெரிய தடை என்று நினைக்கிறோம். நானும் அப்படித்தான் நினைத்தேன். வங்காளித் திருமணத்தில் 'காயே ஹலுத்' என்னும் மஞ்சள் சடங்குக்கு மாப்பிள்ளை வீட்டார் சீர்வரிசை அனுப்ப வேண்டும். அதில் ஒரு முழு ரோகு மீனை அலங்கரித்து வைப்பது அவர்களுக்கு மங்கலம். மீனை விலைக்கு வாங்கி அனுப்ப என்னால் ஆகாது. "அப்படியானால் மீன் அச்சில் வார்த்த சந்தேஷ் அனுப்புங்கள், பாலும் சர்க்கரையும்தானே" என்றார் சம்பந்தி. நியாயமான பேச்சுதான். ஆனால் எங்கள் யசோதர காவியத்தைப் படித்தவன் அதற்கும் தயங்குவான். மாவினால் செய்த கோழியைப் பலி கொடுத்ததற்கே ஓர் அரசன் பிறவி பிறவியாக அல்லற்பட்ட கதை அது. உருவத்தைச் செய்து வெட்டித் தின்பது எண்ணத்தால் செய்த கொலை ஆகிவிடுமே! இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடையில் இருந்த மீன் வடிவப் பித்தளைக் குங்குமச் சிமிழை எடுத்துத் தாம்பாளத்தில் வைத்தேன். அரநாத தீர்த்தங்கரருக்கு மீன்தான் சின்னம் என்பதால் எனக்கும் மனக்குறை இல்லை. சம்பந்தியம்மாள் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

முகூர்த்தம் அவர்களுக்கு இரவில். நாங்களோ பொழுது சாய்ந்தால் உண்ணாதவர்கள். இந்தத் தீவிலோ மார்கழி, தை மாதங்களில் மாலை ஐந்து மணியை ஒட்டியே இருட்டத் தொடங்கிவிடும். எங்கள் கூட்டத்துக்குப் பகலிலேயே சாப்பாடு போட்டது பெண்ணின் பாட்டி. கைம்பெண். வங்காளிகளில் கைம்பெண்கள் மீன், இறைச்சியோடு வெங்காயம், பூண்டையும் விட்டுவிட வேண்டும் என்பது பழைய கட்டுப்பாடு. மைசூர்ப் பருப்பைக்கூட அசைவத்தோடு சேர்த்துத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கொடுமையிலிருந்து பிறந்த சமையல்தான் அவர்களின் 'நிராமிஷ்' சமையல். வாழைப்பூவும் பூசணியும் வைத்து அந்த அம்மாள் செய்த கறியை நான் இன்றும் மறக்கவில்லை. மங்கலச் சடங்குகளில் அவரை முன்னே வரவிடவில்லை என்பதையும் மறக்கவில்லை. அதில் நம் வழக்கமும் அவர்கள் வழக்கமும் ஒன்றாகவே இருந்தன. பெண்கள் 'உலு' ஒலி எழுப்பியபோது என் மனைவி, "இது நம்ம குலவைதானே" என்று தானும் சேர்ந்துகொண்டாள்.

ஆக, சோற்றுச் சிக்கல் ஒரு வாரத்தில் தீர்ந்தது. சொல்லின் சிக்கல்தான் தீரவில்லை.

தமிழில் மாமனாரும் மாமா, தாயின் உடன்பிறந்தவரும் மாமா. மாமியாரும் அத்தை, தந்தையின் உடன்பிறந்தவளும் அத்தை. ஏன்? மாமன் மகளை மணப்பது நமக்கு முறை. மணந்தால் மாமனே மாமனார். திருமண விதியையே நாம் கூப்பிடும் சொல்லுக்குள் வைத்திருக்கிறோம். சித்தப்பா மகளும் பெரியம்மா மகளும் அக்காள் தங்கைகள். அவர்களைப் பற்றி வேறு நினைப்பே கூடாது. மாமன் மகளும் அத்தை மகளும் வேறு வகை. அவர்களைத் தங்கை என்று கூப்பிட்டால் பாட்டி வாயிலேயே போடுவாள். வங்காளியில் இந்தப் பிரிவு கிடையாது. மாமன் மகள் 'மாமாதோ போன்', அதாவது மாமன்வழித் தங்கை. அத்தை மகன் 'பிஷ்துதோ தாதா', அத்தைவழி அண்ணன். நால்வகைப் பிள்ளைகளும் உடன்பிறப்புகளே. ஐராவதி கார்வே அம்மையார் 1953-இல் வெளியிட்ட இந்திய உறவுமுறை நூலில் வடக்கையும் தெற்கையும் பிரித்துக் காட்டும் பெரிய கோடுகளில் இதுவும் ஒன்று.

இன்னொரு செய்தி வியப்பானது. அமெரிக்காவில் லூயி ஹென்றி மார்கன் என்ற வழக்கறிஞர், நியூயார்க் பகுதியில் வாழ்ந்த செனிக்கா பழங்குடியினரின் உறவுச் சொற்களைச் சேகரித்தார். பிறகு எங்கள் ஆர்க்காட்டுப் பக்கம் ஊழியம் செய்த ஸ்கட்டர் குடும்பத்து மிஷனரிமாரிடமிருந்து தமிழ்ச் சொற்களின் பட்டியலும் அவருக்குக் கிடைத்தது. இரண்டையும் ஒப்பிட்டால் அமைப்பு பெரும்பாலும் ஒன்றாக இருந்தது! 1871-இல் அதைப் பெரிய நூலாகவே போட்டார். அந்த நாட்டிற்குப் பின்னால் குடியேறியவர்களின் ஆங்கிலத்திலோ எல்லோரும் வெறும் 'கசின்' தான். ஜப்பானியரும் 'இதோகோ' என்ற ஒரே சொல்லால் அழைக்கிறார்கள். ஆனால் ஜப்பானியச் சட்டம் இதோகோவை மணக்க அனுமதிக்கிறது. அமெரிக்காவில் ஏறத்தாழப் பாதி மாநிலங்கள் கசினை மணக்கத் தடை விதிக்கின்றன. ஒரு ஜப்பானியரும் அமெரிக்கரும் சேர்ந்து குடும்பம் நடத்தினால் அங்கேயும் இந்தப் பேச்சு ஒருநாள் எழத்தானே செய்யும்.

மாமா என்ற சொல் ஒன்றாக இருப்பதால்தான் நாம் ஏமாந்துபோகிறோம். பேத்திக்கு அன்னப்பிராசனம் நடந்தபோது மருமகளின் தம்பி வந்து முதல் சோறூட்டினார். அது மாமாவின் உரிமை. காது குத்தும்போது நம் வழக்கப்படி அவர் மடியில்தான் உட்கார வைத்தோம். "பார்த்தீங்களா, ரெண்டு ஊரும் ஒண்ணுதான்" என்று நானே பெருமையாகச் சொன்னேன். மாமா இரு வீட்டுக்கும் ஒருவர்தான். அவர் மகள்தான் ஒரு வீட்டில் மணப்பெண், மறு வீட்டில் தங்கை.

நான் செய்த தவறு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். 2007-இல் பேத்தி பிறந்ததும், வந்தவாசியில் கட்டிக்கொடுத்திருந்த என் மகளுக்குப் போன் போட்டு, "உன் பையனுக்குப் பொண்ணு பொறந்தாச்சும்மா" என்றேன். நம் வீடுகளில் எல்லாரும் சொல்லும் வேடிக்கைப் பேச்சுதான். நான் மணந்ததும் என் மாமன் மகளைத்தான். ஆனால் என் மகள் அதை வேடிக்கையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆண்டுதோறும் பேத்திக்குப் பாவாடை சட்டை அனுப்பும்போது மனத்தில் ஒரு கணக்கு வைத்துக்கொண்டே அனுப்பியிருக்கிறாள்.

2013 தீபாவளிக்கு மகள் தன் பையனோடு கப்பலில் வந்தாள். பையனுக்குப் பன்னிரண்டு வயது, பேத்திக்கு ஆறு. காளி பூஜை முடிந்து இரண்டாம் நாள் வங்காளிகளுக்கு 'பாய் ஃபோண்டா'. சகோதரி இடக்கைச் சிறுவிரலால் சகோதரன் நெற்றியில் சந்தனப் பொட்டு வைத்து, யமன் அவனை நெருங்கக் கூடாது என்று வேண்டுவாள். மருமகள் பேத்திக்குப் புதுச் சட்டை போட்டு, தன் அக்காள் பிள்ளைகளோடு என் மகள் பையனையும் வரிசையில் உட்கார வைத்தாள். குழந்தை ஒவ்வொருவர் நெற்றியிலும் பொட்டு வைத்துக்கொண்டு வந்தது. அவன் முன்னால் வந்து கையை நீட்டியபோது என் மகள், "வேண்டாம்!" என்று கத்திவிட்டாள். அதற்குள் பொட்டு வைத்தாயிற்று.

அன்றிரவு வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. "என் பையனோட உரிமையை எடுத்துட்டா. தெரிஞ்சே பண்ணினா" என்றாள் மகள். "அண்ணனுக்குப் பொட்டு வைத்தது பாவமா? ஒற்றைப் பிள்ளை, தங்கை இல்லையே என்று பாசத்தில்தானே உட்கார வைத்தேன்" என்று மருமகள் அழுதாள். மகள் மனத்தில் இருந்தது என்ன என்று விளங்கியபோது அவள் முகம் போன போக்கை நான் சொல்ல மாட்டேன். நமக்கு முறை என்பது அவளுக்கு அருவருப்பு. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை, இரண்டு பேரும் கெட்டவர்களும் இல்லை.

அடுத்த கப்பலில் மகள் போய்விட்டாள். இரண்டு ஆண்டு தம்பியோடு பேச்சு இல்லை.

நான் படித்த மனிதன் என்ற செருக்கில் வாதத்தில் இறங்கினேன். சீவக சிந்தாமணியில் சீவகன் கடைசியில் மணக்கும் இலக்கணை அவன் தாய் விசயையின் உடன்பிறந்த கோவிந்தனின் மகள் அல்லவா என்று சம்பந்தியிடம் கேட்டேன். அவர் அதைப் படித்தவரில்லை. அருச்சுனன் மணந்த சுபத்திரையும் குந்தியின் உடன்பிறந்தவர் மகள்தானே என்றேன். "அது கிருஷ்ணன் காலம் தாதா, நாங்கள் சாதாரண மனிதர்கள்" என்று முடித்துவிட்டார். அவர் ஊர் டாக்டரோ, நெருங்கிய இரத்த உறவில் மணந்தால் பிள்ளைகளுக்குச் சில பரம்பரை நோய்கள் வரும் வாய்ப்பு கூடுகிறது என்றார். அதை மறுக்க என்னிடம் காவியம் எதுவும் இல்லை.

சட்டத்தையும் பார்த்தேன். கலப்புக் குடும்பத்தார் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் என்பதால் எழுதுகிறேன். 1955-ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டம் சமணருக்கும் பொருந்தும். அதில் அண்ணன் தங்கை பிள்ளைகள் தங்களுக்குள் மணப்பது விலக்கப்பட்ட உறவு. அப்படியானால் தமிழ்நாட்டில் நடந்தவை? "இருவரில் ஒவ்வொருவருக்கும் உரிய வழக்கம் அனுமதித்தால்" விலக்கு உண்டு. அந்த வாசல் வழியாகத்தான் நாம் நுழைந்துகொண்டிருக்கிறோம். 1954-ஆம் ஆண்டுத் தனித் திருமணச் சட்டத்திலும் இதே தடை உண்டு. 1963-இல் செய்த திருத்தத்தின்படி அங்கே இருவரில் ஒருவருடைய வழக்கமாவது அனுமதித்தால் போதும். வங்காளித் தாய்க்குப் பிறந்த பேத்திக்கு உரிய வழக்கம் எது? வக்கீல் நண்பர் ஒருவர் தகப்பன் வழி என்றார். சட்டப்படி சரியாக இருக்கலாம். தூக்கி வளர்த்தவள் அருவருக்கும் ஒன்றைத் தகப்பன் வழி என்று சொல்லிச் சாதிக்க முடியுமா?

கார் நிக்கோபாரில் 'துஹெத்' என்ற கூட்டுக் குடும்ப முறை உண்டு. மணமான பின் கணவன் வீட்டில் இருப்பதா, மனைவி வீட்டில் இருப்பதா என்பதை, எந்தத் துஹெத்துக்கு உழைக்கும் கை தேவை என்று பார்த்தே முடிவு செய்வார்கள் எனப் படித்திருக்கிறேன். நமக்கு அந்த நெகிழ்வு இல்லை.

எப்படித் தீர்ந்தது என்றால், நான் தீர்க்கவில்லை. 2015-இல் என் மனைவிக்கு உடம்பு மோசமாகிச் சென்னைக்குக் கொண்டுபோனோம். நாற்பது நாள் ஆஸ்பத்திரியில் மகளும் மருமகளும் முறை வைத்துக்கொண்டு பார்த்தார்கள். பகலுக்கு ஒருத்தி, இரவுக்கு ஒருத்தி. என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. மனைவி பிழைத்து எழுந்தாள். அந்த ஆண்டு பாய் ஃபோண்டாவுக்கு வந்தவாசிக்கு ஒரு தபால் போயிற்று. உள்ளே ஒரு சிறு டப்பாவில் சந்தனம் இருந்தது.

2025 தை மாதம் பேரனுக்கு வெளியிலிருந்து பெண் பார்த்து, வந்தவாசியில் திருமணம். தாலிக்கு முதல் முடிச்சு மாப்பிள்ளை போட்டான். நாத்தனார் முடிச்சுப் போட அவனுக்கு உடன்பிறந்தவள் இல்லை. பங்காளி வீட்டுப் பெண் ஒருத்தியைக் கூப்பிடப் பெரியவர்கள் திரும்பியபோது, என் மகள் கூட்டத்தில் கைநீட்டி அந்தமானிலிருந்து வந்த பேத்தியைக் கூப்பிட்டாள். "அவ மாமன் பொண்ணாச்சே, முறை தப்பும்மா" என்றார் ஒரு பெரியவர்.

"பொட்டு வச்சவ அவதான் பெரியப்பா, அவளே போடட்டும்" என்றாள் மகள். பதினேழு வயதுப் பெண் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மேடையேறியது. பின்னால் நின்ற மருமகள் உலு ஒலி எழுப்ப, வந்தவாசிக் கூட்டம் திரும்பிப் பார்த்தது.