பட்டாவும் பேரிங்கும்

கும்பப்பூ அறுப்பு முடிந்து பங்குனி வெயில் ஏறினால் அன்றைய நாஞ்சில் நாட்டு வண்டிக்காரருக்குத் தலைவலிதான். மரம் உலர்ந்து சுருங்க, சக்கரத்தின் இரும்புப் பட்டா லொடலொடக்கும். முதல் வைத்தியம் குளத்துத் தண்ணீர். ராத்திரி முழுக்க ஊறினால் மரம் உப்பி, பட்டா பிடித்துக்கொள்ளும். அதற்கும் மசியாவிட்டால் கொல்லாசாரியின் பட்டறை.

அங்கே பட்டாவைத் தட்டிக் கழற்றி, கொஞ்சம் வெட்டி எடுத்து, முனைகளைக் காய்ச்சி ஒட்டி, சக்கரத்தைவிட வேண்டுமென்றே சிறிதாக்குவார்கள். பிறகு தரையில் கிடத்தி, சிரட்டையும் கதம்பையும் குவித்துத் தீ வைப்பார்கள். ஐந்தடிச் சக்கரத்தின் சுற்றளவு ஏறக்குறைய 15.7 அடி. சூடு 400 டிகிரி கூடினால் அந்த நீளத்துக்கு இரும்பு முக்கால் அங்குலத்துக்கு மேலேயே விரியும். நாலு பேர் குறட்டால் தூக்கி மரத்தின்மேல் இறக்க, புகை கிளம்பும். சம்மட்டியால் தட்டி உட்காரவைத்த கையோடு தண்ணீரைக் கொட்டுவார்கள். இரும்பு சுருங்க, ஆரக்கால்கள் நெறுநெறுவென்று குடத்துக்குள் இறுகும். தாமதித்தால் மரம் எரியும். பட்டா ரொம்பச் சிறுத்திருந்தால் ஆரக்கால் வளையும். சூடு பார்க்கத் தெர்மாமீட்டர் ஏது? இரும்பின் நிறம்தான்.

இன்று வண்டி போய்விட்டது. விரிவும் சுருக்கமும் போகவில்லை. 100 மில்லிமீட்டர் துளையுள்ள பேரிங்குக்கு 80 டிகிரி கூட்டினால் துளை 0.1 மில்லிமீட்டர் அகலும். ஷாப்டில் ஏற அதுவே தாராளம். 120 டிகிரியைத் தாண்டினால் எஃகின் பதம் கெடலாம் என்பதால் காற்றாலை ஜெனரேட்டர் போன்றவற்றின் பெரிய பேரிங்குகளுக்கு இண்டக்ஷன் ஹீட்டர். முப்பந்தலில் தென்மேற்குக் காற்று பிடிப்பதற்குள் இந்த வேலைகளை முடித்துவிடப் பார்ப்பார்கள்.

கழற்றுவதற்குப் புல்லர் இருக்கிறது. ஷாப்டில் இறுகியிருப்பது உள்வளையம். புல்லரின் கால் அதைத்தான் பிடிக்க வேண்டும். பல இடங்களில் கைக்கு எட்டுவது வெளிவளையம் மட்டும். அதைப் பிடித்து இழுத்தால் விசை முழுக்கக் குண்டுகள் வழியே போய், அவை ஓடும் தடத்தில் பள்ளம் விழும். அந்த பேரிங் அப்புறம் பழைய இரும்புக் கடைக்குத்தான். பட்டாவை அப்படி யாரும் தூக்கி எறிந்ததில்லை. எனக்கு இதில் கொஞ்சம் வருத்தம் உண்டு.

குளச்சல், சின்னமுட்டம் பக்கம் இயந்திரப் படகுக்காரர்களுக்குத் தீ இன்னும் கைகொடுக்கிறது. கூம்பு ஷாப்டில் உப்பேறி இறுகிய வெண்கலப் புரொப்பெல்லரின் குடத்தைச் சுற்றிலும் கேஸ் தீயால் சூடு காட்ட வேண்டும். வெண்கலம் எஃகைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு விரியும். பிறகு தட்டினால் விட்டுக்கொடுக்கும். தட்டும்போது நட்டை மட்டும் முழுசாகக் கழற்றக் கூடாது. ரெண்டு மூணு மரை தளர்த்தி விட்டால் போதும். சட்டென்று விடுபடும் புரொப்பெல்லர் காலில் விழாது.