மடக்கு லேப்டாப் வாங்கலாமா?

கூட்டமைப்பு வேலைக்கு லேப்டாப் வாங்கப் போறீங்களா? மடக்கு லேப்டாப்பின் திரையைப் பின்னால் முழுசா மடக்கினால் சிலேட்டு மாதிரி ஆகிவிடும். விரலால் தொட்டே வேலை செய்யலாம். குழுக் கூட்டத்தில் எல்லோருக்கும் கணக்கைக் காட்ட வசதி. ஆனால் தொடுதிரை உடைந்தால் மாற்றும் செலவு அதிகம். அலுவலகத்தில் வைத்துக் கணக்கு மட்டும் எழுத, சாதாரண லேப்டாப்பே போதும்.

கடையில் கீலை நாலைந்து தடவை மடக்கிப் பாருங்க, ஆடக்கூடாது. பஸ்ஸில் தூக்கிப்போக, எடை ஒன்றரைக் கிலோவுக்குள் இருப்பது நல்லது. பம்மலிலிருந்து ரிச்சி தெருவுக்குப் போய்ப் பழையது வாங்கினால், விண்டோஸ் 11 ஓடுமா என்று கேளுங்க. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்துவிட்டது.

தீர்மானம் எழுதி, கூட்டமைப்பு பெயரிலேயே பில் வாங்குங்க. அது நம்ம எல்லோருடைய பணம்!